நான் செய்த முதல் கத்தி ஓர் ஆப்பு

"இது கத்தி இல்லடி, ஆப்பு" என்றாள் அம்மா.

நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற கத்தி அது. முன்கையில் வைத்து இழுத்தால் முடி வழித்துக்கொண்டு வரும். காகிதத்தை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டினால் சத்தமில்லாமல் இரண்டாகும். அந்தப் பெருமையோடுதான் அம்மா கையில் கொடுத்தேன். அவள் ஒரு கேரட்டின் மேல் வைத்து அழுத்தினாள். பாதி வரை இறங்கியது. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். மீதிப் பாதி தானாகவே பிளந்து, ஒரு துண்டு எகிறி அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. அம்மா அதை எடுக்கக்கூட முயலவில்லை. கத்தியைக் கழுவித் துடைத்து என்னிடமே நீட்டிவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு கூராக இருப்பதை ஆப்பு என்கிறாளே என்று. இரண்டு நாள் கழித்துத்தான் வெர்னியர் அளவுகோலை எடுத்து, கத்தியின் வாய்க்கு, அதாவது வெட்டும் ஓரத்துக்கு, சற்று மேலே, தீட்டிய சரிவு முடிகிற இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர். முதுகில் மூன்று மில்லிமீட்டர். வாயின் விளிம்பு மட்டும் கூர், அதற்கு மேலே உடனே தடிமன். கேரட்டுக்குள் முதலில் போவது விளிம்பு. அது வெட்டிய வழியில் பின்னால் வரும் உடம்பு இரண்டு பக்கமும் நெம்பிக்கொண்டே வருகிறது. கேரட் வளைந்து கொடுக்காது, பிளக்கும். அம்மா சொன்னது திட்டு இல்லை, துல்லியமான விவரணை.

நான் பல் மருத்துவர். இருபது வருடமாக நாள் முழுவதும் அடுத்தவர் வாயில் எதையாவது அரைத்துக்கொண்டிருப்பவள். "பகலெல்லாம் அரைக்கிறது போதாதென்று வீட்டுக்கு வந்தும் அரைக்கணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு இன்றுவரை உருப்படியான பதில் என்னிடம் இல்லை. ஒரு வேளை இப்படி இருக்கலாம்: பல்லில் நான் செய்யும் வேலை நன்றாக இருந்தால் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் தரமே. எடுத்துப் பார்க்க, கையில் வைத்துத் திருப்பிப் பார்க்க ஒரு பொருள் வேண்டியிருந்தது.

கத்தி செய்கிறேன் என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "சுத்தியலால் அடிப்பீர்களா?" இல்லை. உலையில் பழுக்கவைத்து அடித்து உருவாக்குவது ஒரு வழி. தகடாக வரும் எஃகை வெட்டி, வேண்டாததை அரைத்து எடுத்துவிடுவது இன்னொரு வழி. நான் இரண்டாவது ஆள். அடிக்காமல் செய்த கத்தி மட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். இன்றைக்கு ஆலையில் உருட்டி வரும் எஃகு ஏற்கெனவே சீராகத்தான் இருக்கிறது. அடிப்பதால் அதற்குப் புதிதாக ஒரு வீரியமும் வந்துவிடாது. அடிப்பதில் இருக்கும் சுகம் வேறு, அதை நான் மறுக்கவில்லை.

எஃகு விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நானும் உடைத்துக்கொண்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: 1084 வாங்குங்கள். முதல் இரண்டு எண்கள் அது வெறும் கார்பன் எஃகு என்பதைச் சொல்கின்றன, கடைசி இரண்டு எண்கள் கார்பன் அளவை, ஏறத்தாழ 0.84 சதவீதம். இதில் வேறு உலோகம் பெரிதாக எதுவும் கலக்காததால் சூடாக்குவதும் கடினமாக்குவதும் எளிது. துருப்பிடிக்காத எஃகு வேண்டுமென்றால் 1000 டிகிரிக்கு மேல் துல்லியமாகப் பிடித்து நிறுத்தும் மின் உலை தேவை. பழைய லாரிப் பட்டை, தேய்ந்த அரம் என்று கிடைத்ததில் செய்யலாம்தான். ஆனால் அது எந்த எஃகு என்றே தெரியாதபோது எவ்வளவு சூடு, எந்த எண்ணெய் என்பதும் தெரியாது. தப்பு நடந்தால் யார் மேல் பழி போடுவது என்றுகூடத் தெரியாமல் நிற்க வேண்டும்.

எனக்கு அப்படி ஒரு தப்பு நடந்தது, தெரிந்த எஃகிலேயே. இரண்டாவது கத்திக்கு 1095 எடுத்தேன். கார்பன் இன்னும் கொஞ்சம் அதிகம், இன்னும் கடினம், இன்னும் உசத்தி என்ற பேராசை. அது வேகமாகக் குளிர வேண்டும் என்று படித்துவிட்டு, எண்ணெயை விட்டுத் தண்ணீரில் இறக்கினேன். உள்ளே போன மூன்றாவது வினாடியில் 'டிங்' என்று ஒரு மெல்லிய ஒலி. கண்ணாடிக் கோப்பையில் கரண்டி பட்டது போல. எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து முதுகை நோக்கி ஒரு விரிசல், முடி அளவுக்கு. அந்த ஒலி என் காதில் இன்னும் இருக்கிறது. அந்தத் துண்டை மேசையில் மாட்டி வைத்திருக்கிறேன்.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டைக் கத்தியை இரண்டு நாள் சமையலறையில் கையில் பிடித்துப் பார்ப்பேன். கணினியில் அழகாக இருப்பது கையில் அழகாக இருப்பதில்லை. விரல் முட்டி பலகையில் இடிக்கிறதா என்பதை அட்டையே சொல்லிவிடும். என் அளவு: வாய் நீளம் 18 சென்டிமீட்டர், அகலம் 45 மில்லிமீட்டர். அப்புறம் எஃகில் கோடு போட்டு வெட்டுவது. பிடிக்குள் போகும் வால் பகுதியில் ஆணித் துளைகளை இப்போதே போட்டுவிட வேண்டும். கடினமாக்கிய பின் சாதாரணத் துளைக்கருவி (டிரில் பிட்) அதில் இறங்காது, நுனி மழுங்கிச் சூடாகி முனகும். இதை ஒருமுறை மறந்தேன். ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து நடுக்கோடு. தகட்டின் விளிம்பில், சரியாக நடுவில், நீளவாக்கில் ஒரு கோடு வேண்டும். இரண்டு பக்கமும் அரைத்துக்கொண்டு வரும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் இருக்கின்றன. தேவையே இல்லை. தகட்டின் தடிமன் எவ்வளவோ அதே விட்டமுள்ள துளைக்கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சமதளமான கல்லின் மேல் படுக்கவையுங்கள். துளைக்கருவியின் கூர்முனை தகட்டின் விளிம்பில் படும்படி வைத்து இழுத்தால், கோடு தானாக நடுவில் விழும். ஏனென்றால் அதன் முனை அதன் விட்டத்தின் பாதி உயரத்தில் இருக்கிறது. தகட்டின் பாதியும் அதுதான். முதல்முறை இதைச் செய்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அரத்தால் ராவுவதில் ஆரம்பித்தேன். பெல்ட் கிரைண்டர், அதாவது உப்புத்தாள் பட்டை சுழன்று அரைக்கும் இயந்திரம், பிறகுதான் வந்தது. அரத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத்தூள் பற்களுக்கிடையே சிக்காது. சிக்கினால் அந்த ஒரு துணுக்கு ஆழமாக ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும். பற்களுக்கிடையே சிக்குவதைச் சுத்தம் செய்வது எனக்குப் புதிதில்லை என்று இங்கே ஒரு நகைச்சுவை இருக்கிறது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இங்கேதான் அந்த ஒரு மில்லிமீட்டர் வருகிறது. கடினமாக்கும் முன் வாயை முழுதாக மெலிதாக்கிவிடக் கூடாது. மெல்லிய விளிம்பு சூட்டில் நெளியும், விரிசல் விடும், மேற்பரப்பில் உள்ள கார்பனும் எரிந்து போகும். ஆகவே எல்லோரும் சொல்வது: ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டுவை. நானும் விட்டுவைத்தேன். விட்டுவைத்ததைப் பிறகு எடுத்துவிட வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் கடினமாக்கிய பிறகு அரைக்கப் பயம். சூடேறிப் பதம் போய்விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். அதனால் விளிம்பில் மட்டும் கூர் வைத்து, வேலை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆப்பு அப்படித்தான் பிறந்தது.

நெருப்பு வேலை எனக்கு மிகவும் பிடித்தது, மிகக் குறைந்த நேரம் பிடிப்பதும் அதுவே. இருட்டிய பிறகு செய்வேன். பகல் வெளிச்சத்தில் எஃகின் நிறம் கண்ணை ஏமாற்றும். சின்ன காஸ் உலை, திறந்த வெளியில். கத்தியை உள்ளே முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தால் சீராகச் சிவக்கும். ஒரு குச்சியின் முனையில் கட்டிய காந்தத்தால் தொட்டுப் பார்ப்பேன். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தோடு உறவை முறித்துக்கொள்ளும். 1084க்கு வேண்டியது 815 அளவில். அதாவது காந்தம் ஒட்டாமல் போன பிறகு இன்னும் ஒரு சாயல் கூட. அந்த 'ஒரு சாயல்' என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று தவித்தபோது உப்பு கைகொடுத்தது. சாதாரண உப்பு 801 டிகிரியில் உருகும். கத்தியின் முதுகில் ஒரு சிட்டிகை தூவி, அது கண்ணாடி மாதிரி உருகி வழிவதைப் பார்த்தால் கிட்டத்தட்ட அங்கே வந்துவிட்டோம் என்று அர்த்தம். கண் பழகும் வரை இதை வெட்டிப்போட்ட துண்டுகளில் செய்து பார்த்தேன்.

இன்னொன்றும் உண்டு. சிவந்துகொண்டே வரும் எஃகுக்குள் ஒரு கட்டத்தில் நிழல் நகரும். மெல்லிய விளிம்பில் முதலில் நிழல் விலகி வெளிச்சம் வரும், தடிமனான முதுகில் இன்னும் கொஞ்ச நேரம் இருட்டு தங்கி நிற்கும், அப்புறம் அதுவும் கரைந்துவிடும். எஃகின் உள் அமைப்பு மாறும்போது அது வெப்பத்தை விழுங்கிக்கொள்கிறது. அந்த விழுங்கல்தான் நிழலாகத் தெரிகிறது. மேகத்தின் நிழல் வயலைக் கடப்பது மாதிரி இருக்கும். படத்தில் இதைக் காட்ட முடிவதில்லை. நான் முயன்ற எல்லா வீடியோவிலும் ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்றுதான் தெரிகிறது.

நிழல் முழுதாக விலகியதும் எண்ணெய். பட்டறைக்காரர்கள் துவைச்சல் என்று சொல்வது இதைத்தான். கனோலா என்ற சமையல் எண்ணெயை 55 டிகிரி அளவுக்கு முன்பே வெதுவெதுப்பாக்கி வைத்திருப்பேன். குளிர்ந்த எண்ணெய்தானே வேகமாகக் குளிர்விக்கும் என்று தோன்றும். அப்படியில்லை, வெதுவெதுப்பான எண்ணெய் இளகி இருப்பதால் கத்தியைச் சுற்றி வேகமாக ஓடுகிறது. 1084 ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் 540 டிகிரிக்குக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கினால் கார்பன் வெளியேற வழியில்லாமல் இரும்பின் கட்டமைப்புக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த நெருக்கடிதான் கடினம். அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் அதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர். தாமதித்தால் கார்பன் நிதானமாகத் தனி அடுக்காகப் பிரிந்து படிந்துவிடும். கத்தி கம்பி மாதிரி வளையும்.

ஆகவே உலையிலிருந்து எண்ணெய்க்குப் போகும் தூரம் ஒரு கை வீச்சுக்குள் இருக்க வேண்டும். முனையை முதலில் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாக மட்டும் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து கத்தி வளைந்துகொள்ளும். எண்ணெய்ப் பாத்திரம் உலோகமாக, ஆழமாக, மூடி பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். பாதி முங்கிய கத்தியால் எண்ணெய் பற்றிக்கொள்ளும். என் கையுறை ஒன்று அப்படித்தான் போனது.

வெளியே எடுத்து அரத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பேன். அரம் பிடிக்காமல், கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக்கொண்டு போனால் சரி. பிடித்தால் மறுபடி உலை.

இந்தக் கட்டத்தில் கத்தி கண்ணாடி. கீழே போட்டால் உடையும். உடனே மின் அடுப்பில் (ஓவனில்) 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவைத்து மறுபடி இரண்டு மணி நேரம். கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து வலுவை வாங்கிக்கொள்வது. தேய்த்துச் சுத்தமாக்கிய எஃகு வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வரும். அடுப்பின் முகப்பில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். என் அடுப்பு 200 என்று காட்டியபோது தனி வெப்பமானி 228 என்றது. வளைந்த கத்தியை நேராக்கவும் இதுவே நேரம்: ஒரு கெட்டியான இரும்புப் பட்டையோடு சேர்த்து, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக வளையும்படி நடுவில் ஒரு நாணயத்தைச் செருகி கிளாம்ப் போட்டு, அப்படியே இரண்டாம் சுற்றுக்கு உள்ளே வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். பெரும்பாலும் என்றுதான் சொன்னேன்.

இப்போது மெலிதாக்குவது. என்னைப் பொறுத்தவரை கத்தி செய்வது என்பதே இதுதான். முன்னால் சொன்னதெல்லாம் இதற்கான ஏற்பாடு. ஒரு மில்லிமீட்டரைக் கால் மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும், சூடேறாமல்.

எனக்கு இதில் பயம் இருந்திருக்கவே கூடாது. பல்லை அரைக்கும்போது ஊசி மாதிரித் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். பல்லுக்குள் சூடு 5.5 டிகிரி ஏறினாலே நரம்பு பட்டுப்போக வாய்ப்பு உண்டு என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தவள் நான். தொட்டுத் தொட்டு எடு, அழுத்தாதே, புது முனை போடு, தண்ணீர் நிற்கக் கூடாது. தினமும் செய்கிறேன். கத்தியும் அதேதான் என்பது மூன்றாவது கத்தியின் முனை நீல நிறமானபோதுதான் உறைத்தது. தேய்ந்துபோன பெல்ட், ஒரு வினாடி கூடுதல் அழுத்தம். மினுங்கும் எஃகில் மயில் கழுத்து மாதிரி ஒரு பொட்டு. அழகான பொட்டு. ஆனால் நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். நான்கு மணி நேரம் அடுப்பில் வைத்துக் கொடுத்த பதம் அங்கே ஒரு வினாடியில் போயிற்று. அந்த முனையை ஆறு மில்லிமீட்டர் அரைத்தெறிந்து கத்தியைக் குட்டையாக்கினேன்.

இப்போது என் வழக்கம் இது. வெறும் கை, கையுறை கிடையாது. சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் துணிக் கையுறை எப்படியும் ஆபத்து. அதோடு விரல்தான் என் வெப்பமானி. விரல் பொறுக்காத சூட்டில் எஃகுக்கு ஒன்றும் ஆகாது, எனவே விரல் எப்போதும் முந்திக்கொண்டு எச்சரிக்கும். ஒருமுறை பெல்ட்டில் இழுப்பு, ஒருமுறை தண்ணீரில் முக்கல். கத்தியின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர்த் துளி கொதிக்க ஆரம்பித்தால் உடனே எடுத்துவிடுவேன். புது பெல்ட் மட்டும். இதில் சிக்கனம் பார்க்கிறவர்கள் நீலப் பொட்டு பார்ப்பார்கள்.

எங்கே நிறுத்துவது? 0.3 மில்லிமீட்டருக்கு வந்ததும், அளவுகோலில் ஒருமுறை, கேரட்டில் ஒருமுறை என்று பார்த்துக்கொண்டே வருவேன். கடையில் வாங்கிய கத்தியையோ சொந்தக் கத்தியையோ அளவுகோல் இல்லாமலே எடைபோட ஒரு வழி சொல்கிறேன். வாயை ஒட்டி, கல்லில் தீட்டியதால் பளபளக்கும் ஒரு மெல்லிய பட்டை தெரியும், பாருங்கள். பக்கத்துக்கு 15 டிகிரி என்று தீட்டியிருந்தால், வாய்க்கு மேல் ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள கத்தியில் அந்தப் பட்டை கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் அகலம் இருக்கும். கால் மில்லிமீட்டர் தடிமன் என்றால் அரை மில்லிமீட்டர்தான். அகலமாக மினுங்கும் பட்டையைப் பார்த்து நான் முதலில் "அடடா, எவ்வளவு அழகாகத் தீட்டியிருக்கிறேன்" என்று பூரித்தேன். அது தடிமனின் வாக்குமூலம்.

அதனால்தான் எந்த எஃகு, எத்தனை அடுக்கு, எவ்வளவு கடினம் என்று யாராவது விவாதிக்கும்போது எனக்கு இப்போதெல்லாம் பொறுமை இருப்பதில்லை. சாதாரண எஃகில் செய்த மெல்லிய கத்தி, உயர்ந்த எஃகில் செய்த தடித்த கத்தியைச் சமையலறையில் தோற்கடித்துவிடும். கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதை எஃகு தீர்மானிக்கும். வெட்டுமா என்பதை மெலிவுதான் தீர்மானிக்கும். எலும்பு உடைக்கிற கத்திக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்குத் தடிமன் வேண்டும்.

உப்புத்தாள் வேலையைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. 120, 220, 400, 600 என்று, எண் கூடக்கூட நைசாக, ஏறிப்போக வேண்டும். 600க்கு வந்து துடைத்து விளக்கில் காட்டும்போது 120 போட்ட கீறல் ஒன்று பல்லை இளிக்கும். மறுபடி 120. ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் மிச்சம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். அவ்வளவுதான்.

பிடியில் ஒரு கதை இருக்கிறது. வாலின் இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து எப்பாக்ஸி பூசி, பித்தளை ஆணி செருகி, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். நான் இறுக்கினேன். உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் போட்டு இறுக்கினேன். பசை நான்கு பக்கமும் பிதுங்கி வழிந்தது, எவ்வளவு நன்றாக ஒட்டுகிறது என்று மகிழ்ந்தேன். மூன்று வாரம் கழித்துப் பாத்திரம் கழுவும் இடத்தில் மரம் ஒரு பக்கம் வாயைத் திறந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பசையே இல்லை. எல்லாம் வெளியே பிதுங்கிப் போயிருந்தது. நான் தினமும் பல்லுக்கு உறை ஒட்டுகிறவள். ஒட்டும் பொருளுக்கு நடுவில் ஒரு மெல்லிய படலமாவது தங்க இடம் வேண்டும் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்பவள். வீட்டில் வேறு ஆளாகிவிடுகிறேன் போலிருக்கிறது.

இப்போது இரண்டு பரப்பையும் கரடாக்கி, அசிட்டோனால் துடைத்து, விரலால் தொடாமல் ஒட்டி, மென்மையாக அழுத்தி 24 மணி நேரம் விட்டுவிடுகிறேன். மரத்தூளுக்கும் இரும்புத்தூளுக்கும் நல்ல வடிகட்டி உள்ள முகமூடி. சில கெட்டி மரங்களின் தூள் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும். பிடிக்கு ஆளி விதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிய வேண்டாம். காற்றோடு சேர்ந்து உலரும்போது அந்த எண்ணெய் சூட்டை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, உண்மையாகவே நடப்பது. விரித்து உலரவிடுவேன், இல்லை தண்ணீரில் ஊறப்போடுவேன்.

கடைசியில் தீட்டுவது. 15 டிகிரி என்றால் எவ்வளவு என்று கண்ணால் தெரியாது. ஆனால் சைன் கணக்குப்படி அது கத்தி அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு. 45 மில்லிமீட்டர் அகலமான கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 12 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் சரியாக இருக்கும். 1000 கல்லில் ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கம் பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது, கட்டை விரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வெளிப்பக்கமாக நகர்த்தினால் நகக்கண்ணில் தடுக்கும். முழு நீளத்துக்கும் பிசிறு எழாமல் பக்கம் மாற்றக் கூடாது. பொறுமை இல்லாமல் முன்னமே மாற்றுவதுதான் கத்தி கூராகாததற்கு முதல் காரணம். அப்புறம் 3000 கல்லில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து அந்தப் பிசிறை உதிர்க்க வேண்டும்.

கார்பன் எஃகு நிறம் மாறும். முதல் வாரத்திலேயே வெங்காயமும் எலுமிச்சையும் பட்டுச் சாம்பலும் நீலமுமாகத் திட்டுகள் வரும். அது துரு இல்லை. சிவப்பாக வருவதுதான் துரு. வெட்டியதும் துடைத்து வைத்தால் போதும், அந்தச் சாம்பல் படலம் கொஞ்சம் காவலும் இருக்கும். தொட்டியில் ஊறப்போட்டால் மட்டும் மன்னிக்காது.

நான்காவது கத்தி நன்றாக வந்தது. 2 மில்லிமீட்டர் தகடு, வாய்க்கு மேல் 0.25. அதைக் கொடுத்து அம்மாவின் தீர்ப்பை மாற்றியிருக்கலாம். ஆனால் அந்த முதல் கத்தி மேசை இழுப்பறையில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் அதை எடுத்தேன். பிடி மாட்டிய கத்தியை அரைப்பது சள்ளை பிடித்த வேலை. பிடிக்குப் பிளாஸ்டிக் சுற்றி, மாலை வேளைகளில் அரை மணி, அரை மணியாக. இழுத்தல், முக்கல், இழுத்தல், முக்கல். ஆரம்பிக்கும்போது 228 கிராம். முடித்தபோது 199. இருபத்தொன்பது கிராம் எஃகு தண்ணீர் வாளியின் அடியில் கறுப்புச் சேறாகக் கிடந்தது. நான் அத்தனை நாள் பத்திரமாகப் பாதுகாத்தது அந்தச் சேற்றைத்தான்.

ஒன்றும் சொல்லாமல் சமையலறையில் கத்தி வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, கதவருகே நின்று பேப்பர் படிப்பது போல நின்றேன். அம்மா எடுத்தாள். அடையாளம் கண்டுகொண்டாளா தெரியவில்லை. கேரட்டின் மேல் வைத்தாள். சத்தமே இல்லை. பலகையில் வாய் படும் சின்ன ஒலி மட்டும், ஒரே சீராக. ஒரு கேரட் முடிந்து இன்னொன்று எடுத்தாள்.

அப்புறம் கத்தியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "பிடி கொஞ்சம் தடிமனா இருக்குடி."